எட்டுப் பெட்டித் தேன். கடைக்காரர் மாதம் இருபது போத்தல் கேட்கிறார்

மண்முனை மகள்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் வவுணதீவுப் பக்கம். மாமா வளர்த்த எட்டுத் தேனீப் பெட்டிகள் இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன. வளவில் தென்னை, முருங்கை, வேம்பு நிற்கின்றன. வேலிக்கு அப்பால் மரமுந்திரிகைத் தோட்டம், அதையும் தாண்டினால் வயல். இதுவரை எடுத்த தேனெல்லாம் சொந்தக்காரர், கோயிலடி ஆட்கள், கணவரின் கந்தோரில் உள்ளவர்கள் என்று கேள்விப்பட்டு வந்தவர்களோடு முடிந்துவிடும். லேபல் எதுவும் இல்லை. கழுவிக் காயவைத்த பழைய போத்தல்தான்.

இந்த முறை மட்டக்களப்பு டவுனில் ஒரு கடைக்காரர் ருசி பார்த்துவிட்டு மாதம் இருபது போத்தல் தரச் சொல்கிறார். மாதம் தவறக்கூடாதாம், எல்லாப் போத்தலும் ஒரே நிறமாக இருக்க வேணுமாம். எங்களுக்கு அவ்வளவு வராது என்று சொன்னேன். "குறையிறதுக்குக் காட்டுத்தேன் வாங்கிக் கலந்து விடுங்க, எல்லாம் தேன்தானே" என்றார். கணவருக்குப் பாதி மனம். எனக்கு ஒப்பவில்லை, ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று கணக்கோடு எடுத்துச் சொல்ல வரவில்லை. மகளின் ரியூஷன் காசுக்காவது இந்தத் தேன் உதவ வேணும் என்பது என் ஆசை. நாலைந்து பெட்டி, பத்துப் பெட்டி வைத்திருக்கிறவர்கள் எப்படி விற்கிறீர்கள்? விலையை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

பொத்துவில் வெயில்:

தங்கச்சி, வந்த ஓடரை விடாதீங்க. கடைக்காரர் தானாகத் தேடி வருவது எல்லோருக்கும் நடப்பதில்லை. காட்டுத்தேனும் தேன்தான். அதில் சீனிப்பாணி கலந்தால்தான் மோசடி. தேனோடு தேன் சேர்ப்பதில் என்ன பிழை? நெல் வியாபாரியும் பத்துப் பேரிடம் வாங்கித்தான் ஆலைக்கு ஏற்றுகிறார். ஒருமுறை இடத்தை விட்டால் வேறு ஆள் புகுந்துவிடுவார், பிறகு அந்த ராக்கையில் நமக்கு இடமில்லை. நான் பழச்சாறு வியாபாரத்தில் இருந்து பார்த்தவன், மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

ஓய்வு போதனாசிரியர்:

பிள்ளை, முதலில் கணக்கைப் பார்ப்போம். மற்றதை அப்புறம் பேசலாம்.

நம் ஊரில் போத்தல் என்றால் 750 மில்லி. தேன் தண்ணீரைவிடக் கனம், ஒரு லீற்றர் ஏறத்தாழ 1.4 கிலோ நிற்கும். ஆகவே ஒரு போத்தலில் 1 கிலோ 50 கிராம் வரை இருக்கும். இருபது போத்தல் என்றால் 21 கிலோ. பன்னிரண்டு மாதத்துக்கு 252 கிலோ. அதை எட்டுப் பெட்டியால் பிரித்தால் ஒரு பெட்டி வருடத்துக்கு 31 கிலோவுக்கு மேல் தர வேணும். இலங்கையில் பெட்டியில் வளர்ப்பது இந்தியத் தேனீ, அபிஸ் செரானா. வெளிநாட்டு வீடியோக்களில் நீங்கள் பார்க்கும் பெரிய பெட்டிகளில் இருப்பது ஐரோப்பியத் தேனீ, அது வேறு இனம். நம்முடையது சின்ன உடம்பு, சின்னக் கூட்டம். நல்ல வருடத்தில், நல்ல பூவில், ஒரு பெட்டி சில கிலோ தந்தால் சந்தோசப்பட வேணும். கலந்தால் அந்தக் கடையில் விற்கிற தேனில் பெரும்பங்கு யாரோ எடுத்த தேனாக இருக்கும், பெயர் மட்டும் உங்களுடையது.

இரண்டாவது, மாதம் தவறாமல் என்பது நம் பக்கத்துக் காலநிலைக்குப் பொருந்தாத நிபந்தனை. ஐப்பசி கடைசியில் வாடைமழை பிடித்தால் தை வரைக்கும் தேனீ வெளியே போவதே குறைவு. அந்த மாதங்களில் பெட்டியில் இருப்பது அதுகளின் சாப்பாடு. அதையும் எடுத்தால் கூட்டம் பெட்டியை விட்டே ஓடிவிடும். செரானாவுக்கு அந்தக் குணம் அதிகம். பசியோ, எறும்போ, மெழுகு அந்துப்பூச்சியோ எது தொல்லை தந்தாலும் இராணியோடு கிளம்பிவிடும். பெட்டிக் கால்களைத் தண்ணீர்ப் பேணிக்குள் நிறுத்தியிருக்கிறீர்கள்தானே?

இன்னொன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். மழைக்குச் சீனிப்பாணி ஊட்டுகிறீர்களா? ஊட்டுவதில் தப்பில்லை, உயிரைக் காப்பாற்றத்தானே. ஆனால் மேல் தேனறையை அந்த நேரத்தில் வைத்திருந்தால் பாணியையும் அதற்குள் சேமித்துவிடும். பிறகு நீங்கள் நல்ல மனதோடு எடுத்து விற்றாலும் அதில் சீனி இருக்கும். பாணி நிறுத்தி, மாமரமும் மரமுந்திரிகையும் பூத்து, புதுத்தேன் வரத் தொடங்கிய பின்னர்தான் தேனறையை ஏற்ற வேணும்.

மண்முனை மகள்:

ஐயா, பேணியில் தண்ணீர் இருக்கிறது. சீனி கார்த்திகை, மார்கழியில் மட்டும், தேனறையைக் கழற்றிவிட்டுத்தான். மாமா அப்படித்தான் பழக்கினார். உங்கள் கணக்கைக் கணவரிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

திருக்கோவில் ஆய்வுகூடம்:

அக்கா, நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன். கலப்பது நேர்மையா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். போத்தலுக்குள் என்ன நடக்கும் என்று பாருங்கள்.

தேனின் தலைவிதி அதிலுள்ள தண்ணீரில்தான் இருக்கிறது. சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் தேனுக்கு 20 வீத ஈரப்பதன் வரை அனுமதிக்கிறது. அதற்கு மேலே போனால் தேனில் இயற்கையாகவே இருக்கும் மதுவங்கள் (ஈஸ்ட்) வேலையைத் தொடங்கிவிடும். போத்தல் பொங்கும், மூடி தெறிக்கும், கள்ளு வாசம் வரும். தேனீ தன் தேன்வதையை மெழுகால் மூடுவதே தண்ணீர் வற்றி முதிர்ந்த பிறகுதான். அதனால் வதை கட்டியிருக்கும் மரச்சட்டத்தில் முக்கால் பங்குக்கு மேல் மூடியிருந்தால் மட்டும் எடுங்கள். சட்டத்தைப் படுக்கையாகப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்குங்கள். மூடாத அறையிலிருந்து துளி தெறித்தால் அது இன்னும் முதிரவில்லை, திரும்ப வைத்துவிடுங்கள்.

இப்போது கலப்படக் கணக்கு. உங்கள் பெட்டித்தேன் 19 வீதம் என்று வைப்போம். காட்டில் அவசரமாகப் பிழிந்து வந்தது 24 வீதம் என்று வைப்போம். பாதிக்குப் பாதி கலந்தால் 21.5. உங்கள் நல்ல தேனும் அதோடு சேர்ந்து எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. இரண்டு மாதம் கடை வெயிலில் நின்றால் புளிக்கும். திருப்பிக் கொண்டு வந்து கொடுக்கும்போது வாடிக்கையாளர் உங்கள் பெயரைத்தான் சொல்வார்.

இதை நாக்கால் அளக்க முடியாது. ரிஃப்ரெக்டோமீட்டர் என்று கையடக்கக் கருவி ஒன்று இருக்கிறது. கண்ணாடியில் ஒரு துளி வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஈரப்பதன் கோடு தெரியும். வாங்கும்போது தேனுக்கான அளவுகோல் உள்ளதா, வெப்பநிலையைத் தானே திருத்துகிறதா என்று பாருங்கள். பழச்சாற்றுக்கு விற்பது 32 பிரிக்ஸோடு (பிரிக்ஸ் என்பது சீனியின் செறிவைக் காட்டும் அளவு) நின்றுவிடும், அது தேனுக்கு உதவாது. பிரிக்ஸ் அளவு மட்டும் இருந்தால் 78க்குக் கீழே இறங்கிய தேனை விற்பனைக்கு வைக்காதீர்கள். வீட்டுக்குப் பாவியுங்கள்.

இன்னொரு விசயம் நம் கரையோரத்துக்கே உரியது. தேன் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். காற்றின் ஈரப்பதன் 58 வீதமாக இருந்தால் தேன் 17 வீதத்துக்குச் சற்று மேலே அமைதியாக நிற்கும். 66 வீதமானால் 21 வீதத்தைத் தாண்டிவிடும். மட்டக்களப்பு வாவிக்கரையில் காற்று எவ்வளவு ஈரம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே வடித்த தேனை வாளியில் திறந்து வைக்கக் கூடாது. இறுக்கமான மூடியுள்ள உணவுத்தர வாளியில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் நுரையும் மெழுகுத் துணுக்கும் மேலே வந்துவிடும், அகப்பையால் வழித்துவிட்டு அடியிலிருந்து போத்தலில் நிரப்புங்கள். தகரப் பேணி வேண்டாம். தேன் அமிலத் தன்மை உள்ளது, கறள் பிடிக்கும். கழுவிய போத்தலில் இரண்டு துளி தண்ணீர் தங்கியிருந்தாலும் புளிப்பு அங்கிருந்தே தொடங்கும்.

வாகரைக் கரையோரம்:

ஒரு விசயம் சொல்ல வேணும். இங்கே காட்டுத்தேன் என்றாலே கெட்ட தேன் என்ற தொனி வருகிறது. வாகரைப் பக்கம் வேடர் வழிவந்த குடும்பங்கள் இன்னும் தேனுக்குப் போகின்றன. என் தகப்பனும் போனவர். பெருந்தேனீயின் வதையை மரத்தில் ஏறி, புகை போட்டு, ஆனி ஆடியில் எடுக்கும் வேலை எவ்வளவு ஆபத்தானது என்று தெரியாமல் "காட்டில் அவசரமாகப் பிழிந்தது" என்று எழுதிவிட முடியாது, தம்பி. அனுபவசாலி தேன் உள்ள தலைப்பகுதியை மட்டும் வெட்டுவான், புழு உள்ள பகுதியைத் தொடமாட்டான். அது தனியான ருசி, தனியான மணம். அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

பழுது எங்கே நடக்கிறது தெரியுமா? காட்டில் எடுத்தவனிடம் மலிவாக வாங்கி, மூன்று நாலு கை மாறி, ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் பாணி சேர்த்து, வீடு வீடாகக் கொண்டு போய் விற்கும்போது. அந்தத் தேனுக்கு யார் எடுத்தது, எந்தக் காடு, எந்த மாதம் என்று பதில் சொல்ல ஆளில்லை. இப்போது நீங்கள் வாங்கிக் கலந்தால் எங்கள் ஆட்கள் உயிரைக் கொடுத்து எடுத்த தேனும் உங்கள் பெட்டிக்குள் காணாமல் போகும், உங்கள் பெட்டித்தேனின் குணமும் காணாமல் போகும். காட்டுத்தேன் விற்க விருப்பம் என்றால் காட்டுத்தேன் என்றே எழுதித் தனியாக வையுங்கள். எடுத்தவனின் ஊரையும் எழுதுங்கள். அதற்கு நியாயமான விலையைக் கொடுத்து வாங்குங்கள்.

திருக்கோவில் ஆய்வுகூடம்:

அண்ணன் சொன்னது சரி. நான் சொன்ன 24 ஒரு உதாரணக் கணக்குத்தான். பெட்டித்தேனையும் முதிராமல் எடுத்தால் அதே கதிதான்.

பொத்துவில் வெயில்:

வாகரை அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். தனியாக லேபல் போட்டு விற்பது நல்ல யோசனை. ஆனால் கடைக்காரர் ஒரே நிறம் கேட்கிறாரே, அதற்கு என்ன செய்வது? வாங்குகிற சனம் போன முறை மஞ்சள், இந்த முறை கறுப்பு என்றால் கலப்படம் என்று நினைக்காதா?

காத்தான்குடிக் கடை:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் கடை வைத்திருக்கிறவன். எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன்.

கடைக்காரன் ஒரே நிறம் கேட்பது வாடிக்கையாளருக்குப் பயந்துதான். கருஞ்சீரகம், பேரீச்சம்பழம், தேன் மூன்றும் எங்கள் கடையில் நோன்பு காலத்தில் வேகமாகப் போகும். ஆனால் தேனுக்குத்தான் சண்டையும் வரும். எறும்பு வந்தது, பிரிட்ஜில் வைத்தால் சீனியாகிவிட்டது, தண்ணீரில் விட்டால் கரைந்துவிட்டது என்று கொண்டு வருவார்கள். இந்தச் சோதனை ஒன்றும் நம்பத்தக்கதல்ல. சுத்தத் தேனுக்கும் எறும்பு வரும், நல்ல தேனும் உறையும். குளுக்கோசு கூடுதலாக உள்ள தேன் சீக்கிரம் உறைகிறது, றப்பர்த் தோட்டத் தேன் அதற்குப் பேர் போனது. தடித்த சீனிப்பாணியும் தண்ணீருக்குள் அழகாக அடியில் போய் நிற்கும். தீக்குச்சியைத் தேனில் தோய்த்துக் கொளுத்துவதும் அப்படித்தான். ஆகவே வீட்டில் வைத்துச் செய்யும் எந்தச் சோதனையாலும் நீங்கள் உங்கள் தேனை நிரூபிக்க முடியாது, தங்கச்சி. உங்களால் காட்டக்கூடியது எங்கே, எப்போது, யார் எடுத்தது என்பதுதான்.

அதனால் நிறம் மாறுவதை ஒளிக்காதீங்க. எழுதி விடுங்க. "மரமுந்திரிகை பூத்த காலம், பங்குனி" என்று ஒரு வரி. அடுத்த முறை "வேம்பு, சித்திரை". என் கடையில் அப்படி எழுதிய தேனுக்கு நிறம் மாறினால் சண்டை வரவில்லை. நிறம் ஏன் இப்படி என்று கேட்டவர்களே மற்ற மாதத்துத் தேனையும் கேட்டு வாங்கிப் போனார்கள்.

விலை விசயம். கணக்குக்காக ஒரு போத்தல் 3,000 ரூபா என்று வையுங்கள். அதை மூன்று 250 மில்லிப் போத்தலாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 350 கிராம் இருக்கும். ஒன்றை 1,200க்குப் போட்டால் 3,600. மேலதிக 600 ரூபாவில் மூன்று புதுப் போத்தலும் லேபலும் மூடிச் சீலும் வர வேணும், வராவிட்டால் விலையைத் திருத்துங்க. முதல் தடவை தேன் வாங்குகிறவன் 3,000 ரூபாவைப் பணயம் வைக்கமாட்டான். சின்னப் போத்தல் என்றால் வாங்கிப் பார்ப்பான். சாராயப் போத்தலில் தேன் எங்கள் கடையில் விலை போகாது, எங்கள் ஆட்கள் தொடமாட்டார்கள். இதை வருத்தத்துக்குச் சொல்லவில்லை, புதுக் கண்ணாடிப் போத்தல் வாங்குங்க என்று சொல்கிறேன்.

கடைக்குக் கொடுத்தால் கடைக்காரனுக்கு ஒரு பங்கு விட வேணும், அது நியாயம். வாடகை, கரண்ட், ஆள்கூலி இருக்கிறது. அதனால் உங்களிடம் கொஞ்சம் தேன்தான் இருக்கிறது என்றால் கடைக்கு முதலில் வராதீங்க. நேரே வாங்கும் ஆட்களுக்குக் கொடுத்து, மிஞ்சினால் கடைக்கு. நான் கடைக்காரன், நானே சொல்கிறேன்.

வெல்லாவெளி வயல்:

தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே. தேனீப்பெட்டி வைத்தால் யானை வராது என்கிறார்களே, உண்மையா? எங்கள் பக்கம் இரவில் தூக்கமில்லை.

ஓய்வு போதனாசிரியர்:

தம்பி, ஆபிரிக்காவில் பெட்டிகளைக் கம்பியில் தொங்கவிட்டு வேலி கட்டிப் பலன் கண்டிருக்கிறார்கள். உடவளவையில் நம் காட்டு யானைகளுக்குத் தேனீயின் கோபச் சத்தத்தை ஒலிபரப்பிப் பார்த்தார்கள், 2018இல் ஆய்வு வெளியானது. யானைகள் சத்தத்தை விட்டு விலகின, உண்மைதான். ஆனால் செரானா ஆபிரிக்கத் தேனீபோல் மூர்க்கமாகத் துரத்தாது, இரவில் வெளியே வருவதும் இல்லை. நாலு பெட்டியை நம்பி வாடியில் படுக்க வேண்டாம். அதோடு பெட்டி வாங்கிய காசும் போய்விடும். யானை பெட்டியை இழுத்துப் போட்டால் கூட்டம் அன்றோடு சரி. யானைக்கு வேலி வேறு, தேனுக்குப் பெட்டி வேறு என்று வையுங்கள்.

வயல்காரர் என்பதால் ஒரு வேண்டுகோள். மருந்து அடிப்பதாக இருந்தால் பின்னேரம் பொழுது சாயும் நேரத்தில் அடியுங்கள். காலையில் நெல் பூக்கும் நேரத்தில் தேனீ மகரந்தத்துக்கு வயலுக்குள் நிற்கும். அடிக்கப் போகும் முதல் நாள் பக்கத்துப் பெட்டிக்காரருக்கு ஒரு கோல் எடுத்தால் அவர் பெட்டி வாசலை அடைத்து வைத்துக்கொள்வார்.

சம்மாந்துறைத் தாய்:

நான் வாங்குகிறவள். விற்கிறவர்கள் மட்டும் பேசுகிறீர்கள், நானும் ஒன்று சொல்லட்டும்.

போன வருடம் ஒரு கடையில் வாங்கிய தேன் அலுமாரிக்குள் வைத்திருக்க மூடி வெடித்துச் சிந்தியது. லேபலில் பூப்படமும் தேனீப்படமும் பளபளவென்று இருந்தன. தொலைபேசி இலக்கம் இல்லை, ஊர் இல்லை, எடுத்த மாதம் இல்லை. யாரிடம் கேட்பது? அதிலிருந்து தெரிந்த ஆளிடம்தான் வாங்குகிறேன். எனக்கு விலை ஒரு பிரச்சினையில்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று போத்தல் போதும். தேன் எடுத்ததும் எனக்கு ஒரு வட்சப் தகவல் வந்தால் அன்றைக்கே காசை அனுப்பிவிடுவேன். முடிந்துவிட்டது, அடுத்த சித்திரைக்குத்தான் என்று சொன்னால் காத்திருப்பேன். எந்த நேரமும் தேன் இருக்கிற ஆளைவிட, முடிந்துவிட்டது என்று சொல்கிற ஆளை நான் நம்புவேன்.

மகள் பிள்ளைக்கு ஏழு மாதம். நாக்கில் தொட்டு வைக்கத் தேன் கேட்கிறாள். கொடுக்கலாமா?

திருக்கோவில் ஆய்வுகூடம்:

கொடுக்கவே வேண்டாம், அம்மா. ஒரு வயது முடியும் வரை எந்தத் தேனும் கூடாது, துளியும் கூடாது. எவ்வளவு சுத்தமான தேனிலும் கிளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பக்ரீரியாவின் வித்திகள் இருக்கலாம். பெரியவர்களின் குடல் அதைத் தாங்கும், கைக்குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும். பிள்ளை சோர்ந்து, பால் உறிஞ்ச முடியாமல், மூச்சுக்கே சிரமப்படும் நிலை வரலாம். காய்ச்சினாலும் அந்த வித்தி அழியாது. பிறந்த பிள்ளைக்குத் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் நம் எல்லாச் சனத்திடமும் இருக்கிறது. அதனால்தான் விற்கிறவர்கள் போத்தலிலேயே இதை எழுத வேணும் என்று நான் நிற்பது.

சம்மாந்துறைத் தாய்:

நல்லது மகன். இப்போதே மகளுக்குச் சொல்கிறேன்.

மண்முனை மகள்:

எல்லோரும் சொன்னதை வைத்து ஒரு லேபல் எழுதிப் பார்த்தேன். திருத்துங்கள்.

"சுத்தமான இயற்கைத் தேன். வவுணதீவு வீட்டுத் தோட்டத் தேனீப் பெட்டிகளிலிருந்து. மரமுந்திரிகை, தென்னை பூத்த காலம், பங்குனி. சளி, இருமல், சீனி வருத்தம் தீர்க்கும். 250 மில்லி. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்." கீழே எங்கள் பெயர், விலாசம், கைபேசி.

திருக்கோவில் ஆய்வுகூடம்:

அக்கா, சளி தொடங்கி சீனி வருத்தம் வரை உள்ள வரியை முழுவதாக எடுத்துவிடுங்கள். நோயைத் தீர்க்கும் என்று உணவுப் பொருளில் எழுத நம் உணவுச் சட்டம் இடம் கொடுக்காது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டமும் அதன் கீழ் வந்த லேபல் விதிகளும் அதில் கண்டிப்பு. சட்டத்தை விடுங்கள், சீனி வருத்தக்காரர் அதை நம்பித் தேன் குடித்தால் இரத்தத்தில் சீனி ஏறும். தேனில் பெரும்பகுதி குளுக்கோசும் பிரக்டோசும்தான்.

மில்லியை விட்டுக் கிராமில் நிறையை எழுதுங்கள், தராசில் நிறுத்து. தொகுதி இலக்கம் ஒன்று போடுங்கள். "பங்குனி, 1" என்று இருந்தாலும் போதும். ஒரு வாளியில் இருந்து நிரப்பிய போத்தலெல்லாம் ஒரே இலக்கம். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு சின்னப் போத்தலை விற்காமல் அலுமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது முறையிட்டால் அதைத் திறந்து ஒப்பிடலாம். போத்தலில் நிரப்பிய திகதியும் காலாவதித் திகதியும் வேணும்.

ஓய்வு போதனாசிரியர்:

அச்சடிக்க முன் உங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மாதிரியைக் கொண்டு போய்க் காட்டுங்கள். பீ.எச்.ஐ. என்றாலே சனம் ஒளிக்கிறது. அவர் முன்கூட்டியே பார்த்துச் சொன்னால் எந்த மொழிகளில் எழுத வேணும், என்ன குறைகிறது என்பதெல்லாம் ஒரே தடவையில் சரியாகிவிடும். கடைக்குக் கொடுப்பதென்றால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரையும் பதிந்துவிடுங்கள்.

"சுத்தமான இயற்கை" என்பதையும் எடுத்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். கலப்படம் செய்கிறவனும் அதையேதான் எழுதுகிறான். "வவுணதீவுப் பெட்டித்தேன்" என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

தேனைக் காய்ச்சுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, புளிக்காது என்று. அடுப்பில் நேரே வைக்காதீர்கள். சூடு கூடினால் மணம் போகும், நிறம் கறுக்கும், தேனின் நொதியங்கள் கெடும், சூட்டில் சீனியிலிருந்து உண்டாகும் எச்.எம்.எஃப் என்ற பொருள் கூடும். கோடெக்ஸ் அதற்கும் எல்லை வைத்திருக்கிறது, வெப்பநாட்டுத் தேனுக்குக் கிலோவில் 80 மில்லிகிராம். உறைந்த தேனை இளக்க வேணும் என்றால் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் போத்தலை நிறுத்தி வைத்தால் போதும்.

அக்கரைப்பற்று வேலி:

எங்கள் வீட்டுச் சுவர்ப் பொந்தில் கொசுத்தேன் இருக்கிறது. கொஞ்சம்தான் வரும். நண்பர் ஒருவர் ரிஃப்ரெக்டோமீட்டரில் பார்த்துவிட்டு ஈரம் கூட, விற்கக்கூடாது என்றார். மருந்துக்கென்று பரியாரியார் தேடி வருகிறாரே?

திருக்கோவில் ஆய்வுகூடம்:

அது கொட்டாத தேனீ. அதன் தேன் இயல்பாகவே தண்ணியாக, புளிப்பாக இருக்கும். 25 வீதத்தைத் தாண்டுவது சாதாரணம். வதையில் வைக்காது, மெழுகும் பிசினும் சேர்த்துக் கட்டிய குட்டிக் குட்டிக் குடங்களில் வைக்கும். பெட்டித்தேனின் 20 வீத அளவுகோலால் அதை அளந்தால் எல்லாமே தோற்கும். கெட்ட தேன் என்று அர்த்தமில்லை, வேறு பண்டம். கொசுத்தேன் என்றே எழுதி, சின்னப் போத்தலில், குளிரூட்டியில் வைத்துக் கொடுங்கள். வாங்குகிறவரிடம் புளிக்கும் என்பதை வாயாலும் சொல்லுங்கள். பெட்டித்தேனோடு ஒருபோதும் சேர்க்க வேண்டாம்.

வாகரைக் கரையோரம்:

பொந்தை உடைத்து எடுக்காமல் ஒரு பக்கத்துக் குடங்களை மட்டும் எடுங்கள். முட்டை, புழு இருக்கும் நடுப்பகுதியைத் தொட்டால் அடுத்த வருடம் கூட்டம் இராது.

மண்முனை மகள்:

நானும் கணவரும் கடைக்காரரிடம் போய் வந்தோம். மாதாமாதம் இல்லை, தேன் எடுக்கும் காலத்தில் மட்டும் தருகிறோம், வேறு தேன் கலக்கமாட்டோம் என்று சொன்னோம். முதலில் முகம் சுருங்கியது. ஐயாவின் 252 கிலோக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினார் கணவர். அதைப் பார்த்த பிறகு, சின்னப் போத்தல் இருபது ஒருமுறை வைத்துப் பார்க்கிறேன், போனால் அடுத்த எடுப்பிலும் கொண்டு வாருங்கள் என்றார். நிறம் பற்றிப் பிறகு பேசவில்லை.

மற்றதை நேரே கேட்கிறவர்களுக்குத்தான். வட்சப்பில் ஒரு பட்டியல் தொடங்கினேன், சம்மாந்துறை அம்மாவின் பெயர்தான் அதில் முதலில். ரிஃப்ரெக்டோமீட்டரை என் தம்பி கொழும்பிலிருந்து வரும்போது கொண்டு வருகிறான். வாகரை அண்ணன், ஆடி எடுப்பில் உங்கள் ஆட்களின் காட்டுத்தேனைத் தனி லேபலில் வைக்க விருப்பம். விலையை நீங்களே சொல்லுங்கள்.

ஒரே ஒரு சந்தேகம். கடைக்காரர் காசை "வித்த பிறகு தருகிறேன்" என்கிறார். சரியா?

வாகரைக் கரையோரம்:

ஆனி கடைசியில் தொடர்பு கொள்ளுங்கள் தங்கச்சி. எடுக்கப் போகிற ஆளையே பேச விடுகிறேன்.

காத்தான்குடிக் கடை:

இருபது சின்னப் போத்தல் பெரிய முதல் இல்லை, அவரால் கையில் தர முடியும். பாதிக் காசையாவது இறக்கும் அன்றைக்கே வாங்குங்க. மிச்சத்துக்கு ஒரு திகதி குறிங்க. எத்தனை போத்தல், எந்தத் தொகுதி, என்ன விலை என்று இரண்டு கொப்பியில் எழுதி, அவரும் நீங்களும் இரண்டிலும் கையெழுத்து வைங்க. விற்காமல் மிஞ்சினால் யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்க. அப்புறம், கண்ணாடி ஜன்னலோரம் வெயில் படும் ராக்கையில் அடுக்க விடாதீங்க. போய் ஒருமுறை பார்த்துவிட்டு வாங்க.